கல் எந்தப் பக்கம் பார்க்கும்?

“முந்நூறு பேருக்கும் கட்டைவிரலை வெட்டு! பொழுது சாய்வதற்குள் முடி!” என்று விக்கிரமவேள் ராஜா அமைச்சர் ஆதனாரிடம் கத்தினார்.

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஓர் ஆற்றின் இரண்டு கரையையும் ஆண்ட ராஜா அவர். வடகரைக்காரர்கள் “நாங்கள் தனிநாடு” என்று பிரிந்துபோனார்கள். ஐந்து வருஷம் சண்டை. ராஜா ஜெயித்தார். ஆனால் கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்தார். பிடிபட்ட வடகரை வீரர்கள் முந்நூறு பேரும் வாசலில் கட்டுண்டு கிடந்தார்கள். இனி வில்லையே தொடக் கூடாது என்றுதான் விரலுக்கு ஆணை.

“இன்னொன்று. ஆற்று நடுவில் தம்பி விழுந்த பாறைத்திட்டில் அவனுக்கு நடுகல் நடு” என்றார் ராஜா.

சேனாதிபதி காளிங்கனுக்கு ஆதனாரைக் கண்டாலே ஆகாது. “அமைச்சருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், மகாராஜா. விரலை நானே வெட்டுகிறேனே.”

“முதலில் கல்” என்றார் ஆதனார். “எதிரி வந்த திசையைப் பார்த்து நடுவதுதானே வழக்கம்? இளவரசர் எந்தப் பக்கம் பார்க்கட்டும்?”

“இதுகூடத் தெரியாதா? வடக்கே!” காளிங்கன் சிரித்தான்.

“இரண்டு கரையும் ஒரே நாடு, எல்லாரும் என் குடிகள் என்று நேற்றுத்தானே மகாராஜா தண்டோரா போடச் சொன்னார்? கல் வடக்கே பார்த்தால் அங்கே எதிரி இருக்கிறான் என்று அர்த்தம். ஜனங்கள் தண்டோராவை நம்புவதா, கல்லை நம்புவதா?”

“அப்படியானால் தெற்கே திருப்புமய்யா!”

“தெற்கே இந்த அரண்மனைதான் இருக்கிறது, சேனாதிபதி.”

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

“ஆதனாரே, அவனைக் கொன்றது அவர்கள்.”

“ஆமாம், மகாராஜா. அவர்கள் பக்கமும் தம்பிகள் செத்திருக்கிறார்கள். மறக்கச் சொல்லவில்லை. இளவரசர் காலம் பூராவும் யாரை எதிரியாகப் பார்த்து நிற்பது? அதை மட்டும் சொல்லுங்கள்.”

ராஜா எழுந்துபோய் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தண்ணீர் போகிற பக்கம் பார்க்கட்டும். அங்கே கடல்தான். அவர்கள் தம்பிகளுக்கும் பக்கத்திலேயே கல் வை.”

“கல் பெரிசு, மகாராஜா. இழுக்க ஆள் வேண்டும்.”

“வாசலில் கிடக்கிறார்களே! காளிங்கா, நீயும் போய்க் கயிறு பிடி.”

கட்டுகளை அவிழ்த்தார்கள். காளிங்கன் கை கொப்பளித்துப்போனது. பக்கத்தில் இழுத்த வடகரைக்காரன் தன் தலைத்துணியைக் கிழித்து, “இந்தாரும், சுத்திக்கொள்ளும்” என்று நீட்டினான். காளிங்கன் முறைத்துக்கொண்டே வாங்கினான்.

கல் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. ராஜா கரையில் நின்று, கயிற்றைச் சுருட்டும் கைகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

விரலை வெட்டச் சொல்லியிருந்தார். ஆதனார் வெட்டவில்லை.