வேல்காரன் கேட்ட கேள்வி

முன்னொரு காலத்தில், கடலோர நாடொன்றில், விகடகவி கொழுந்தப்பனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஊருக்குள் தொற்றுக்காய்ச்சல் புகுந்ததிலிருந்து அரசருக்குச் சிரிப்பே வரவில்லை. அவரைச் சிரிக்கவைக்க நாள் முழுக்கக் குட்டிக்கரணம் போட்டால் எந்த இடுப்புதான் தாங்கும்?

இதற்கிடையில் அரசருக்கு ஒரு புது ஆசை. "என் குடிகளுக்கு எவ்வளவு பயம் இருக்கிறது? அளந்து சொல்லுங்கள்!"

குதிரைகளை ஏற்றிவந்த கப்பலில் வந்த அரபு வைத்தியர் யூசுபிடம் அதற்கு வழி இருந்தது. நோய்க்காலத்துப் பயத்தை அளக்க அரபு மொழியில் சில கேள்விகள் வைத்திருந்தார். தூக்கம் வருகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று போகும். "எங்கள் நாட்டில் இவை சரியாக அளந்தன. இங்கும் அளக்குமா என்று முதலில் சோதிக்க வேண்டும், அரசே."

"சோதனை எதற்கு?" என்றார் தளவாய் சேந்தன். கேள்விகளைத் தமிழாக்கி, வேல்காரர்களிடம் கொடுத்து, கோட்டை மதிலுக்குக் கல் சுமப்பவர்களின் தெருவுக்கு அனுப்பினார். வாசலில் வேல்முனையைக் கண்டவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

"பயமா? எங்களுக்கா? இல்லவே இல்ல சாமி!"

"பயம் துளியும் இல்லை, அரசே. காய்ச்சலால் நின்ற மதில் வேலையை நாளையே தொடங்கலாம்" என்றார் தளவாய்.

கொழுந்தப்பன் குறுக்கே வந்தான். அவன் அண்ணன் வீடு அந்தத் தெருவில்தான். தோளோடு தோள் ஒட்டிக் கல் தூக்கினால் காய்ச்சல் ஒருத்தரையும் விடாது.

"அளவு தப்பு, அரசே."

"கரணம் போடுகிறவனுக்கு அளவு தெரியுமாம்! இப்போதே மெய்ப்பிக்கட்டும். இல்லையேல் இவனும் கல் சுமக்கட்டும்" என்றார் தளவாய். அரசரும் தலையாட்டினார்.

"தராசைச் சோதிக்க, எடை தெரிந்த கல்லைத்தானே வைக்கிறோம்? இங்கே கண்ணுக்குத் தெரிந்த பயத்தை வைத்துப் பார்ப்போம். வேல்காரரே, தளவாயிடம் கேளும்" என்றான் கொழுந்தப்பன்.

வேல்காரன் கேட்டான்: "காய்ச்சலை நினைத்தால் தங்களுக்கு நெஞ்சு படபடக்கிறதா?"

"இல்லை!"

கொழுந்தப்பன் லொக்கு லொக்கென்று இருமினான். மூக்கைத் துடைத்தான். "தளவாய் அவர்களே, அண்ணன் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அவனைத் தாங்கிப் பிடித்த கையோடு வந்தேன். தங்களை ஒருமுறை தழுவிக்கொள்கிறேனே!" என்று இரு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான்.

தளவாய் சிம்மாசனத்துக்குப் பின்னால் பாய்ந்து, விதானக் கம்பில் ஏறித் தொங்கினார்.

"இப்போது கேளும்."

"நெஞ்சு படபடக்கிறதா?"

"இல்லை! பயமே இல்லை! ஏய், கிட்ட வராதேடா!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கம்பில் தொங்குகிறவரும் இல்லை என்கிறாரே! அது கிடக்கட்டும், உன் அண்ணனுக்குக் காய்ச்சலா?"

"கல்லுக்குண்டாட்டம் இருக்கிறான், அரசே. அவன் அப்படியே இருக்கத்தான் இந்தப் பொய். கேள்வியில் குற்றமில்லை, வேலோடு போய்க் கேட்ட ஆளில்தான்."

பிறகு வேல் இல்லாமல் யூசுபே கல் சுமப்பவர்களிடம் போய், தள்ளி நின்று கேட்டார். "காய்ச்சலும் பயந்தான் வைத்தியரே. அடுப்பு எரியாததுதான் அதைவிடப் பெரிய பயம்" என்றார்கள். அரசர் மதில் வேலையைத் தள்ளிவைத்து, அந்தத் தெருவுக்கு அரிசி அனுப்பினார். கொழுந்தப்பனின் இடுப்புக்கு இலவம்பஞ்சு மெத்தை பரிசு.

"தங்களுக்கு எப்படி, அரசே? நெஞ்சு படபடக்கிறதா?" என்றார் யூசுபு.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று அரசர் எழுந்து போனார்.

தெருவே பதில் சொல்லியாயிற்று. அரசர் தர வேண்டிய அந்த ஒரு பதில் மட்டும் இன்னும் பாக்கி.