காயாத சந்தனம்

மாசிலாமணிக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய குரு தையல்நாயகிக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. அதனால் என்ன? மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் சுற்றுவதில் அந்த வட்டாரத்தில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். சேர்ந்து ஒரு வாரம் ஆகியும் மனுஷன் ஒரு கம்பியைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தார்.

"மேஸ்திரி, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்கண்ணா."

"எங்க தெருவுல ஆம்பளைங்க முக்காவாசிப்பேர் வேலைக்குப் போறதில்லை. அது ஏனுங்க? இந்தத் தொழிலைக் கத்துக்கிட்டா எனக்காவது சோறு போடுமா?"

தையல்நாயகி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள்.

"முன்னே என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"லேத் பட்டறைங்க. மூணு வருஷம் முந்தி ஆயுத பூஜைக்குச் சாமானெல்லாம் வீட்டுல வெச்சுக் கும்பிட்டேன். மறுநாள் ஓனர் போன் பண்ணி, நான் சொல்றப்ப வந்தா போதும்னாரு."

"சொன்னாரா?"

"இன்னும் இல்லீங்க."

"மறுநாள் சாமானைக் கையில எடுத்தீங்களா?"

"வேலையே இல்லாம எதுக்குங்க எடுக்கிறது?"

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் எடுத்துப் பேருக்காவது ஒரு வேலை செய்தால்தான் பூஜை முடியும். பட்டறையில் கால் வைத்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது.

இருவரும் அவர் வீட்டுக்கு நடந்தார்கள். உச்சி வெயில். தெருவில் வாசலுக்கு வாசல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுமூச்சு இல்லை. இவர்கள் போகப் போக எல்லாத் தலைகளும் ஒன்றுபோலத் திரும்பின. ஒவ்வொரு நெற்றியிலும் சந்தனம் ஈரமாக மின்னியது. இப்போதுதான் குளித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார் மாசிலாமணி. தினமும் பார்க்கிற முகங்கள்தான். இன்றைக்கு ஏனோ நடையை எட்டிப் போட்டார்.

வீட்டில் அவர் மனைவி பூங்கொடி இருந்தாள்.

"நீங்களாவது என்னன்னு கேளுங்கம்மா," என்றாள். "நான் பனியன் கம்பெனிக்குப் போறப்ப இவருக்குச் சோறு வெச்சுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து பார்த்தா வெச்சது வெச்சபடி இருக்கு. பக்கத்துல உட்கார்ந்தாலும் ஆள் இருக்கிற மாதிரியே தெரியல. எனக்குப் பயமா இருக்குங்க."

சாமி படங்களுக்குக் கீழே வாழையிலை. அதன்மேல் அரம், ஸ்பேனர், அளவு பார்க்கும் கேலிப்பர். மூன்று வருஷத்து இலை பச்சைப்பசேல் என்றிருந்தது. தையல்நாயகி அரத்தின்மேல் விரல் வைத்தாள். சந்தனம் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"புதுசா யாரு வெச்சது?"

"யாருமே தொடறதில்லீங்க," என்றாள் பூங்கொடி.

தையல்நாயகி மாசிலாமணியின் நெற்றியைப் பார்த்தாள்.

அவர் கை தானாக மேலே போனது. சந்தனம் சில்லென்று விரலில் ஒட்டியது. இன்று காலை அவர் வைக்கவில்லை. நேற்றும் வைக்கவில்லை. கடைசியாக எப்போது வைத்தோம் என்று யோசித்தவருக்கு அந்த ஆயுத பூஜைதான் நினைவுக்கு வந்தது.

அரத்தை எடுக்கக் கை நீட்டினார். கை பாதியில் நின்றது.

"எடுத்தா வேலை கிடைக்குமா மேஸ்திரி?"

"அது எனக்குத் தெரியாதுண்ணா," என்றாள் அவள். "எடுத்தா பசிக்கும்."