தப்பு எழுதும் சுவர்

உப்பும் கருவாடும் விற்றுப் பிழைத்த ஒரு குட்டித் தீவு, உலகத்துக்கே கணினிச் சில்லு அச்சடிக்கும் இயந்திரம் செய்தது. பெரிய நாட்டு மகாராஜா சண்டவர்மர் அதில் ஒன்றை வாங்கிப் பிரித்து, அச்சு அசலாக இன்னொன்று செய்யச் சொன்னார். செய்து வைத்தார்கள். அது ஓடவில்லை.

இயந்திரத்தைத் துடைக்கத் தீவிலிருந்து கூடவே வந்திருந்த வேம்பியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

“உங்கள் ரகசியத்தைச் சொல். இல்லாவிட்டால் தலை போகும்.”

“ரகசியம் ஒன்றுமில்லை மகாராஜா. எங்கள் பட்டறையில் ஒரு சுவர் உண்டு. அவரவர் செய்த தப்பை அவரவரே அதில் எழுதுவோம். மறுநாள் எல்லோருமாகச் சரிசெய்வோம். இங்கே கடைசியாகத் தப்பைச் சொன்னவர் எங்கே?”

ஒரு திருகு பிசகு என்று சொன்னவனைக் கழுவேற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது.

ராஜா சிரித்தார். “இவ்வளவுதானா? நாமும் சுவர் கட்டுவோம். எழுதாதவன் தலை இருக்காது.”

வேம்பியை விட்டுவிட்டார்கள். அவள் அன்றே கப்பலேறினாள்.

மறுநாள் சுவர் நிறைந்திருந்தது. ராஜாவின் பட்டறை ஆட்கள் முந்நூறு பேரும் எழுதியிருந்தார்கள், பக்கத்தில் நிற்பவன் செய்த தப்பை.

ராஜா முழுவதையும் படித்துவிட்டு முந்நூறு கழுமரம் செய்யச் சொன்னார். அவை மட்டும் முதல் தடவையே பிசகில்லாமல் வந்தன.