நடுக்கோட்டில் ஒரு நத்தை ஓடு

வானம் இடிந்து விழுந்துவிடும் என்று பயந்து, ஆள்காட்டிக் குருவி இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது நல்லதல்ல. மற்றப் பறவைகளைப் போல அதுவும் காலைத் தரையில் ஊன்றித்தான் தூங்குகிறது. வானத்தைத் தாங்கும் உத்தேசம் அதற்கு ஒருபோதும் இருந்ததில்லை. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: கண்டதையும் கேட்டதையும் உரக்கச் சொல்வது.

அதனால்தான் ஈச்சங்காட்டு ஏரியில் ஓர் ஆள்காட்டியாரை நடுவராக வைத்திருந்தார்கள்.

கோடையில் அந்த ஏரி வற்றிவிடும். காய்ந்த படுகையில் கிழக்குக் கரைக் குட்டிகளும் மேற்குக் கரைக் குட்டிகளும் சடுகுடு ஆடும். குட்டிப் பருவத்து மயிர் உதிர்ந்து புது மயிர் வந்தவர்கள் ஆடக் கூடாது. ஆட்டத்தில் சொந்தக் குட்டி உள்ளவர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் மீறியவர் அதுவரை எவரும் இல்லை.

மேற்குக் கரையில் மூக்காயி என்ற காட்டுப்பன்றி இருந்தாள். அவள் ஈன்ற ஆறு குட்டிகளில் பிழைத்தது வரியன் மட்டும். அவன் முதுகில் இருந்த மஞ்சள் வரிகள் மங்கிக்கொண்டிருந்தன. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. மழை வந்தால் ஏரி நிறையும். மறுபடி அது வற்றும்போது முதுகில் வரி இருக்காது. ஆக, வரியனுக்கு இதுவே கடைசி ஆட்டம். ஒரு தடவையாவது அவன் ஜெயிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று மூக்காயி ஏங்கினாள்.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. வரியன் பாடிக்கொண்டே போனான். நரிக்குட்டியைத் தொட்டான், முள்ளம்பன்றிக் குட்டியை ஜாக்கிரதையாகத் தொட்டான், திரும்பி ஓடிவந்தான். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது ஆள்காட்டியார் தம் நத்தை ஓட்டை ஊதினார்.

"மூச்சு விட்டுப்போச்சு. வரியன் அவுட்."

மூக்காயி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"யோவ், உனக்குக் காதில் என்ன, களிமண்ணா?"

"கேட்டதைச் சொன்னேன் அம்மா."

"கிழக்குக் கரைக்காரன் எத்தனை புழு கொடுத்தான்?"

"போன வாரம் அவர்கள் இதையேதான் உங்களைப் பற்றிக் கேட்டார்கள்."

மேற்குக் கரை முழுவதும் ஆள்காட்டியாரைப் பார்த்துச் சிரித்தது. "குச்சிக்காலா, போய் வானத்தைத் தாங்கு" என்று யாரோ கத்தினார்கள். மூக்காயி மூக்கால் ஒரு குத்து மண்ணை வாரி அவர் முகத்தில் எறிந்தாள்.

ஆள்காட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நத்தை ஓட்டை நடுக்கோட்டின்மேல் வைத்தார். "இதற்கு மேல் என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டு, கோட்டோரம் நின்ற தம் இரண்டு குஞ்சுகளோடு பறந்துபோனார்.

"போகட்டும். காட்டில் கண்ணுள்ளவர்களுக்கா பஞ்சம்?" என்றாள் மூக்காயி.

மறுநாள் காலை அவள் ஆமையாரைத் தேடிப் போனாள்.

"ஒரே ஒரு ஆட்டம் ஐயா."

"மூன்று கோடைக்கு முன்பு ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் வந்தேன்" என்றார் ஆமையார். "தீர்ப்புப் பிடிக்கவில்லை என்று மல்லாத்திப் போட்டுவிட்டுப் போனீர்கள். இரண்டு நாள் காலைத் தூக்கிக்கொண்டு வானத்தையே பார்த்துக் கிடந்தேன்."

(கால்களை மேலே தூக்கிக் கிடந்தவர் யார் என்ற குழப்பம் இத்துடன் தீர்ந்திருக்கும்.)

பிறகு கொக்கிடம் போனாள். வற்றாத குட்டை ஒன்றில் நின்ற கொக்கு தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"குருட்டுக் கொக்கு என்று எனக்குப் பேர் வைத்தது யார் தாயி?"

"அது... ஆட்ட வேகத்தில் வந்த பேச்சு."

"குருடனால் உனக்கு என்ன உபயோகம்? போய் நல்ல கண்ணாகப் பார்."

உடும்பு பொந்தைவிட்டு வெளியே வரவில்லை. சொந்தக் குட்டி ஆடாதவர் என்று காட்டில் வேறு எவரும் மிஞ்சவில்லை.

மேற்கே மேகம் கறுத்திருந்தது. கிழக்குக் கரை நரியாரே ஒரு யோசனை சொன்னார். "பக்கத்துக்கு ஒருவர் நின்று தீர்ப்புச் சொல்வோம். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நமக்கு நியாயம் தெரியாதா என்ன?"

மூக்காயி ஒத்துக்கொண்டாள். இரண்டாவது விதி அன்றைக்கு மீறப்பட்டது.

முதல் பாட்டுக்கு வரியன் போனான். "அவுட்" என்றார் நரியார். "இல்லை" என்றாள் மூக்காயி. அடுத்து நரிக்குட்டி வந்தது. "அவுட்" என்றாள் மூக்காயி. "இல்லை" என்றார் நரியார். உச்சிவேளைக்குள் பதினொரு பாட்டு முடிந்தது. இரு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை. பன்னிரண்டாவதில் நரியார் மூக்காயியின் காதைக் கடித்தார். அவள் அவரைப் படுகையின் ஓரம் வரை முட்டித் தள்ளினாள். இரு கரைப் பெற்றோரும் உள்ளே இறங்கினார்கள்.

குட்டிகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கரையேறிப் போய்விட்டன. சண்டை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

கிழிந்த காதோடு மூக்காயி புதருக்குத் திரும்பினாள். வரியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான்.

"அவர் மட்டும் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே ஜெயித்திருப்பாய்டா."

"எனக்கு மூச்சு விட்டுத்தான் போச்சு அம்மா."

"என்ன?"

"ஒரு சாணுக்கு முன்னாடி. அவர் சொன்னது சரி. அடுத்த பாட்டில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ உள்ளே வந்துவிட்டாய்."

மூக்காயி மழையிலேயே கிளம்பி, ஏரி மேட்டில் நின்ற ஆள்காட்டியாரிடம் போனாள்.

"தப்பு என்னுடையது ஐயா. மழை விட்டதும் குட்டிகள் மேட்டிலேயே ஆடட்டும். நீங்கள் வந்து நில்லுங்கள்."

"வருத்தம் ஒன்றும் இல்லை அம்மா. ஆனால் வர மாட்டேன்."

"உங்கள் குஞ்சுகள் வளர்ந்துவிட்டனவே. அவற்றையாவது அனுப்புங்கள்."

"கோட்டோரம் நின்று இரண்டும் தொழில் பழகிக்கொண்டுதான் இருந்தன" என்றார் ஆள்காட்டியார். "அன்றைக்கு நீங்கள் பேசியதையும் நின்று கேட்டன. இப்போது வேறு ஏரிக்குப் போய்விட்டன."

மூக்காயி திரும்பி நடந்தாள். வழியில் வரியன் நனைந்துகொண்டு நின்றான். ஈர முதுகில் வரி எது, மயிர் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தீர்ப்புச் சொல்பவரை வைது விரட்டுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தையே விரட்டுகிறார்கள்.

அடுத்த கோடையில் ஏரி வற்றியபோது, நத்தை ஓடு வைத்த இடத்தில் கோரை முளைத்திருந்தது. மூக்காயி அங்கே கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.