தலை கவிழ்ந்த ஆடுகளும் டிவி பார்த்த நரியும்

கருவேலங்காட்டை ஒட்டிய கண்மாய்க் கரையில், அறுவடை முடிந்த வயலில், ஒரு செம்மறிக் கிடை போட்டிருந்தது. இரவெல்லாம் ஆடுகள் அந்த வயலில் படுக்கும். அவை போடும் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரமாகும். வயல்காரருக்கு உரம், ஆட்டுக்காரருக்கு நெல். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

அந்தக் கிடையில் பொட்டுக்காரி என்று ஒரு தாய் ஆடு இருந்தாள். நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு, அதனால் அந்தப் பெயர். அவளுக்கு ஒரே ஒரு குட்டி. இன்னும் கால் நிலைகொள்ளாத வயது அதற்கு.

காலையில் தாய் ஆடுகள் மேயக் கிளம்பும்போது, ஆட்டுக்காரர் சேவுகன் குட்டிகளையெல்லாம் மர நிழலில் சேர்ப்பார். நாரால் பின்னிய பெரிய கூட்டை அவற்றின் மேல் கவிழ்த்து, உச்சியில் ஒரு கல்லையும் வைப்பார். பொட்டுக்காரி தன் குட்டி உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக நடப்பாள்.

அந்தக் கூட்டை உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் வெறுத்தது. அது காட்டில் இருந்த நரி. தாய் ஆடுகள் மேயக் கிளம்பியதும் வந்து கூட்டின் இடுக்கில் மூக்கை வைத்துப் பார்க்கும். குட்டியின் வாசம் வரும், குட்டி வராது. சேவுகனின் மனைவி சோலையம்மா எறியக் கல்லைக் குனிந்து எடுத்ததும் நரி ஓடிப்போய்ப் புதருக்குள் படுத்துக்கொள்ளும். பிறகு பகல் முழுக்கத் தூக்கம்தான்.

செம்மறிகளுக்கு உச்சிவெயிலில் ஒரு வழக்கம் உண்டு. மரமில்லாத வெட்டவெளியில் அவை ஒன்றோடொன்று ஒட்டி வட்டமாக நின்றுகொள்ளும். ஒவ்வொன்றும் பக்கத்து ஆட்டின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். முதுகுக்கு ரோமம் இருக்கிறது, மண்டைக்குத்தான் நிழல் வேண்டும். நீ எனக்கு நிழல் கொடு, நான் இவளுக்குக் கொடுக்கிறேன் என்கிற கணக்கு. ஆட்டு மூளை என்று கேலி செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படி அவை நின்றுகொண்டிருந்த ஒரு மத்தியானம், கண்மாய்க் கரையில் டிவிக்காரர்களின் வண்டி ஒன்று வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு தம்பி இறங்கினார். கூடவே கேமராவோடு இன்னொருவர்.

தொப்பித் தம்பி ஆடுகளைப் பார்த்தார். தலை ஒன்றும் தெரியவில்லை. கூட்டுக்குள் பார்த்தார். இடுக்கு வழியே சின்னச் சின்னக் கண்கள் பார்த்தன.

"ஐயோ பாவம்," என்றார்.

"பாவமெல்லாம் இல்லீங்க தம்பி," என்று சேவுகன் பக்கத்தில் வந்தார். "வெயிலுக்காகத்தான் இப்படி…"

"ஒரு நிமிஷம் ஐயா, வெளிச்சம் நல்லா இருக்கு. முதல்ல இதை எடுத்துக்கறோம், நீங்க அப்புறம் பேசலாம்."

எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். 'அப்புறம்' மட்டும் வரவில்லை.

சில நாள் கழித்து, டீக்கடை ஓட்டின் மேல் குடியிருக்கும் காகம் வயலுக்குப் பறந்து வந்தது.

"பொட்டுக்காரி, நேத்து உன்னை டிவியில காட்டுனாங்க!"

"என்னையா? நான் என்ன பண்ணினேன்?"

"அழுதே."

"நான் எப்போ அழுதேன்?"

"மத்தியான வெயில்ல. எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அழுதீங்களாம். பின்னால புல்லாங்குழல் வாசிச்சாங்க. பச்சைக் குழந்தைகளைக் கூண்டுல அடைச்சுட்டாங்க, தாய்கள் நொந்துபோய் நிக்கிறாங்கன்னு அந்தத் தொப்பிக்காரர் சொன்னார். டீ குடிச்சவங்க எல்லாரும் உச்சுக் கொட்டுனாங்க. ஒருத்தர் வடையை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டார்."

"அந்த வடை என்னாச்சு?"

"அதை விடு," என்றது காகம்.

"நான் பக்கத்துக்காரி வயித்துக்கடியில சுகமா அரைத்தூக்கத்துல இருந்தேன்."

"அது டிவியில தெரியலையே."

பொட்டுக்காரிக்கு அன்று புல் ருசிக்கவில்லை. இத்தனை வருஷமாகத் துக்கத்தில் இருந்துகொண்டு அது தெரியாமலேயே மேய்ந்துவிட்டோமோ என்றுகூட நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு தேடியும் அந்தத் துக்கம் அகப்படவில்லை. குட்டி வந்து மடியை முட்டியதும் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் ஊர் நிறுத்தவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த வருஷம் கிடை வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வயலுக்குச் சொந்தக்காரரான கதிரேசனே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். அதனால்தான் அவருக்கு அவ்வளவு வருத்தம்.

"சேவுகா, டவுன்ல இருந்து என் மகன் போன் பண்ணிட்டான். நம்ம வயலைக் காட்டுறாங்கப்பா, அசிங்கமா இருக்குன்னு சொல்றான். வாயில்லா ஜீவன் பாவம் என் மண்ணுல விழ வேண்டாம்."

"ஐயா, அது வந்து…"

"ஒண்ணும் சொல்லாதே. நான்தான் டிவியில கண்ணால பார்த்தேனே. இனிமே குட்டிகளைக் கூட்டுல அடைக்கக் கூடாது. ஆடுகளைக் கும்பலா நிக்க விடக் கூடாது. சம்மதம்னா கிடையைப் போடு. இல்லேன்னா வேற ஊர் பார்த்துக்க."

சேவுகன் சோலையம்மாவைப் பார்த்தார்.

"வேற ஊரு எங்க போறது? அங்கேயும் டிவி இருக்குமே," என்றாள் அவள்.

கூட்டை எடுத்து ஓரமாக வைத்தார்கள். பொட்டுக்காரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று பகலெல்லாம் குட்டிகள் திசைக்கு ஒன்றாக ஓடின. சோலையம்மா அவற்றின் பின்னாலேயே ஓடி ஓடிக் களைத்தாள். உச்சிவெயிலில் சேவுகன் கம்பை நீட்டி ஆடுகளை விலக்கி விலக்கி நிறுத்தினார். அவர் திரும்பியதும் அவை மறுபடி ஒட்டிக்கொண்டன. கூடு இல்லாததால் இப்போது குட்டிகளும் நடுவில் வந்து புகுந்துகொண்டன.

அந்தி சாயும் நேரத்தில் நரி வேலியோரம் வந்தது. பொட்டுக்காரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"பயப்படாதே தங்கச்சி," என்றது நரி. "டீக்கடைக்குப் பின்னால ஏதாவது துணுக்குக் கெடைக்குமான்னு போயிருந்தேன். ஜன்னல் வழியா உன்னை டிவியில பார்த்தேன். மனசே தாங்கலை. கூட்டை எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்ட பிறகுதான் தண்ணியே தொண்டையில இறங்குச்சு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே நரி அழுதது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. உச்சிவேளையில நீங்கள்லாம் துக்கத்துல கண்ணு தெரியாம, காது கேக்காம, மரத்துப்போய் நிப்பீங்களாமே. அது நெசமா?"

அட முட்டாளே, அது வெயிலுக்கு என்று சொல்லப் பொட்டுக்காரி வாயெடுத்தாள். அதற்குள் நரியின் கண் அவளைத் தாண்டிப் பின்னால் போவதைக் கவனித்துவிட்டாள். அங்கே அவள் குட்டி ஒரு காய்ந்த நெல்தாளைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நொடியில் அவளுக்கு இரண்டு விஷயம் புரிந்தது. கூடு திரும்பி வராவிட்டால் இன்றோ நாளையோ குட்டி இந்த நரிக்குத்தான். இன்னொன்று, இந்தக் கண்மாய்க் கரையிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், பகலெல்லாம் தூங்கிப் பழகிய இந்த நரிக்கு உச்சிவேளையில் ஆட்டின் தலை எங்கே போகிறது என்று தெரியவில்லை. டிவி சொன்னதை அப்படியே நம்பிவிட்டது.

"நெசந்தான் அண்ணே," என்றாள். "அந்த நேரத்துல எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. குட்டியெல்லாம் நடுவுலதான் கெடக்கும். எங்க காலுக்குள்ள புகுந்து யாரு தூக்கிட்டுப் போனாலும் எங்களுக்குத் தெரியாது."

சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. நரி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷத்தில் அது வாலை ஆட்டிக்கொண்டே போனது.

பொட்டுக்காரி நேராகப் பெரிய கிடாவிடம் போனாள். முறுக்கிய கொம்பு, குறைந்த பேச்சு. அதுதான் அந்தக் கிடையின் பெரியதனம்.

"மாமா, நாளைக்கு மத்தியானம் நரி வருது."

"விரட்டிடலாம்."

"விரட்டுனா நாளன்னைக்கு வரும். உள்ள விடுவோம்."

"உன் குட்டியும் உள்ளதானே இருக்கும்?"

"ஆமா."

கிடா கொஞ்ச நேரம் அசைபோட்டது. "நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க. அது நடுவுக்கு வர்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது."

மறுநாள் வெயில் ஏறியது. ஆடுகள் வட்டமாகக் கூடின. குட்டிகள் நடுவில் புகுந்தன. முந்தின நாள் விலக்கிப் பார்த்து அலுத்துப்போன சேவுகன் கம்பைக் கீழே வைத்துவிட்டார்.

நரி புதரிலிருந்து வெளியே வந்து பார்த்தது. டிவியில் பார்த்தது அச்சு அசலாக அப்படியே இருந்தது. எங்கும் முதுகுகள், ஒரு தலைகூட இல்லை. புல்லாங்குழல் ஒன்றுதான் குறை.

அது தரையோடு தரையாகப் பதுங்கி ஆட்டுக் கால்களுக்குள் நுழைந்தது. பொட்டுக்காரியின் காலில் அதன் ரோமம் உரசியது. அவள் வயிற்றுக்கடியில்தான் அது போனது, அவள் குட்டியை நோக்கித்தான் போனது. கத்த வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

நரி நடுவுக்கு வந்து நிமிர்ந்தது.

வெளியே இருந்து பார்த்தால் ஒரு தலை தெரியவில்லை. உள்ளே வந்து பார்த்தால் தலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. சுற்றிலும் கொம்புகள். அத்தனை கண்களும் முழித்துக்கொண்டு நரியையே பார்த்தன.

"தங்கச்சி…" என்றது நரி.

"வாங்கண்ணே," என்றாள் பொட்டுக்காரி. "டிவியில பார்த்ததை நேர்லயும் பார்த்துக்கங்க."

முதல் முட்டு அவளுடையது. இரண்டாவது முட்டு பெரிய கிடாவுடையது. அதற்குப் பிறகு யார் முட்டியது, யார் மிதித்தது என்று நரிக்குத் தெரியாது. ஒரு வழியாக வெளியே வந்து விழுந்தபோது, அது ஒரு ஜோடிச் செருப்புக் கால்களுக்கு முன்னால் விழுந்தது.

அவை கதிரேசனின் கால்கள். தான் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கக் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நரி நொண்டிக்கொண்டே காட்டுக்குள் ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்தார். அப்புறம் கூட்டத்தின் நடுவிலிருந்து குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதையும் பார்த்தார்.

சோலையம்மா பொட்டுக்காரியின் குட்டியைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். "மண்டையைத் தொட்டுப் பாருங்க ஐயா."

அவர் குடையைச் சாய்த்துவிட்டுத் தொட்டார். குட்டியின் மண்டை குளுகுளுவென்று இருந்தது. அவருடைய வழுக்கைதான் காய்ந்த தோசைக்கல்லாகச் சுட்டது.

"நிழலுக்குத்தானா?" என்றார்.

"நிழலுக்குத்தான்."

"கூடு?"

சேவுகன் நரி ஓடிய திசையைக் காட்டினார்.

"அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே சேவுகா."

"சொல்ல வந்தேன் ஐயா. நீங்க ஏற்கெனவே பார்த்துட்டேன்னு சொல்லிட்டீங்க."

கதிரேசனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஓரமாகக் கிடந்த கூட்டை அவரே தூக்கிக்கொண்டு வந்து நிழலில் கவிழ்த்தார். வேட்டியில் பட்ட மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"பக்கத்து ஊர்க்காரங்ககிட்ட நான் பேசுறேன். ஆனா டிவி சொன்னா நாடே கேக்கும். நான் சொன்னா நாலு பேருதான் கேப்பாங்க."

"நாலு பேரு வயலு எங்களுக்குப் போதும் ஐயா," என்றாள் சோலையம்மா.

காட்டுக்குள் நரி இடுப்பை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. காகம் மேலே கிளையில் வந்து உட்கார்ந்தது.

"என்னப்பா, இன்னைக்கும் அந்த நிகழ்ச்சியைப் போடுறாங்க. பார்க்க வர்றியா?"

"அதை எடுத்தவன் எந்தப் பக்கம் நின்னு எடுத்தான்?" என்று நரி கேட்டது.

"வெளிப்பக்கம்தான்."

"அப்போ அவனுக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்கும்," என்று முனகிவிட்டு நரி மெதுவாகத் திரும்பிப் படுத்தது.

அன்று பொட்டுக்காரி தன் குட்டி கூட்டுக்குள் போவதைப் பார்த்துவிட்டு மேயப் போனாள். புல் பழையபடி ருசித்தது.

வெளியே நின்று ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முழுதும் பார்த்ததாக நம்புகிறவர், உழைத்துப் பிழைப்பவரின் சோற்றில் மண்ணைப் போடுவதோடு, ஒரு நாள் தாமும் ஏமாந்து போவார்.