கரிநாக்கு டாக்டர்

தணிகாசலம் சொன்னால் பலித்துவிடும். காய்ச்சலோடு மூச்சுத் திணறி வார்டுக்கு வருகிறவர்களின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிப் பார்ப்பார். எந்த அணு குறைந்திருக்கிறது, எந்தப் புரதம் ஏறியிருக்கிறது என்று மனக்கணக்குப் போடுவார். "இவர் தேறிடுவார். இவர் கஷ்டம்" என்பார். அப்படியே நடக்கும். நர்சுகள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் கரிநாக்கு டாக்டர்.

பாவம், கெட்ட மனுஷர் இல்லை. வெகுகாலம் கிராமத்து ஆஸ்பத்திரியில் வெறும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு, யார் பிழைப்பார் யார் போவார் என்று தெரியாமல் தவித்தவர். நாற்பதைத் தாண்டி மேல்படிப்புக்கு வந்த இடத்தில், ரத்தமே வாய் திறந்து பேசியது அவருக்குப் பெரிய ஆறுதல். அவருக்குக் கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா அவரைவிட வயதில் சின்னவர்.

அன்று காலை புரோட்டா மாஸ்டர் இசக்கியப்பனின் முடிவு வந்தது. படுமோசம். தணிகாசலம் அவர் மனைவி செல்லக்கனியைத் தனியே கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்கம்மா."

சாயங்காலம் மெஹருன்னிசா வார்டுக்கு வந்தார்.

"ஸ்டூல் எங்கே?"

வார்டில் டாக்டர் உட்கார இருப்பது ஒரே ஒரு ஸ்டூல். ஜன்னலோரக் கட்டிலருகே கிடந்தது. நல்ல முடிவு வந்த கல்லூரிப் பையன் அங்கே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். மெஹருன்னிசா ஸ்டூலைத் தானே தூக்கிவந்து இசக்கியப்பன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

இசக்கியப்பனின் உதடு வெடித்திருந்தது. ஆக்சிஜன் மாஸ்க் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. செல்லக்கனி அவருடைய சட்டையையும் கைலியையும் மடித்து ஒயர் கூடையில் அடுக்கிவிட்டாள். கஞ்சி வாளி திறக்கப்படாமல் இருந்தது.

"கஞ்சி குடுக்கலையாம்மா?"

"போற உசுர எதுக்கு எழுப்பி வதைக்கணும்னு விட்டுட்டேன்மா. டாக்டரய்யாதான் சொல்லிட்டாவளே."

தணிகாசலம் கட்டிலருகே வந்து நின்றார்.

மெஹருன்னிசா மாஸ்க்கைச் சரியாகப் பொருத்தினார். "பிடிங்க டாக்டர்" என்றார். இருவருமாக இசக்கியப்பனைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் அளவு மெல்ல மெல்ல ஏறியது. பிறகு நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்தார்கள். செல்லக்கனி கஞ்சியை ஊட்டினாள். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவதற்கு இசக்கியப்பன் முகத்தைச் சுளித்தார்.

"உப்பு பத்தலையாம்" என்று சொல்லி அவள் அழுதாள்.

தணிகாசலம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மேடம், அப்போ ரிசல்ட் தப்பா?"

"சரியாத்தான் இருக்கு. ஆபத்து அதிகம்."

"பிழைச்சுக்குவாரா?"

"தெரியாது."

"நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"சொன்னீங்க. அப்புறம் எங்கே போய் உட்கார்ந்தீங்க?"

தணிகாசலம் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார். காலையிலிருந்து அங்கேதான் இருந்தார். தேறுகிறவர் பக்கத்தில் இருந்தால் மனசுக்கு லேசாக இருக்கும். இதற்கு முன்னால் "கஷ்டம்" என்று அவர் சொன்ன ஒவ்வொரு முகமும் ஞாபகம் வந்தது. அவர்கள் யார் பக்கத்திலும் அவர் உட்கார்ந்ததில்லை.

மெஹருன்னிசா எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்த ரிசல்ட் அவருக்கு வரலை டாக்டர். நமக்கு வந்தது. இந்த ஸ்டூலை எங்கே போடணும்னு சொல்ல."