மந்தி தள்ளிவிட்ட படம்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு நாவல் மரம். மேலே மந்திகள், கீழே புள்ளிமான்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஓர் உடன்பாடு உண்டு. மான்கள் மோப்பம் பிடிக்கும், மந்திகள் கண்காணிக்கும். குளத்தில் வாய் வைக்கும் முன் மான் அண்ணாந்து கேட்கும். காவலிருக்கும் மந்தி நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "சும்மாதான் இருக்கு" என்று சொல்லும். அந்தச் சொல் வந்த பிறகுதான் மான் தலை குனியும்.

அன்று பூவாத்தாள் என்ற மந்தியின் முறை. அவளுக்குக் காவல் என்றாலே கசக்கும். பார்த்த புல்லையே பார்க்க வேண்டும், பார்த்த புதரையே பார்க்க வேண்டும். ஆனால் அன்று அவள் கையில் ஒரு செல்போன் இருந்தது. ஜீப்பில் காடு பார்க்க வந்த யாரோ தவறவிட்டது. அதில் நாய் ஆடியது, பூனை மேசையிலிருந்து விழுந்தது. பிடிக்காவிட்டால் விரலால் தள்ளினால் போதும், அடுத்த படம் வந்துவிடும்.

"அம்மா, என்னைப் பாரேன். ஒத்தக் கையில தொங்குறேன்" என்றது பின் கிளையிலிருந்த அவள் குட்டி.

"ம்" என்றாள்.

கீழே மருதன் என்ற ஆண் மான் வந்து நின்றது. "தங்கச்சி, தண்ணி குடிக்கலாமா?"

"சும்மாதான் இருக்கு அண்ணே."

"பார்த்துத்தான் சொல்றியா? தலையே நிமிரலையே."

"காலையிலேருந்து இதே காடுதானே? அதுக்குள்ள மலை எந்திரிச்சு நடந்துடுமா?"

மருதன் சிரித்துக்கொண்டே குனிந்தது. காற்று எதிர்ப்பக்கமாக வீசியதால் அதன் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. மரத்தின் பின்னால் புல் மெல்ல விலகியது. பூவாத்தாள் பார்க்கவில்லை.

திடீரென்று செல்போன் கறுத்துப்போனது. கறுத்த கண்ணாடியில் புதிதாக ஒரு படம். ஒரு கிளை. அதில் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஒரு சிறுத்தை ஊர்ந்து ஏறுகிறது. அதற்கு முன்னால் ஒரு மந்திக் குட்டி, முதுகைக் காட்டியபடி ஒற்றைக் கையில் தொங்குகிறது.

'ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோ' என்று நினைத்தாள். இந்த மாதிரிப் படம் அவளுக்கு ஆகாது. விரலால் தள்ளினாள்.

போகவில்லை.

மறுபடி தள்ளினாள். சிறுத்தை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். படத்தின் ஓரத்தில் ஒரு காது தெரிந்தது. அவள் தலையை அசைத்தாள். அந்தக் காதும் அசைந்தது.

படத்திலிருந்த குட்டி வாயைத் திறந்தது. சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அம்மா."

பூவாத்தாள் திரும்பினாள். தொண்டை கிழியக் கத்தினாள். மந்திகள் மரம் விட்டு மரம் தாவின, மான்கள் காட்டுக்குள் சிதறின. அவள் குட்டியை நோக்கிப் பாய்ந்தாள். சிறுத்தை முந்திக்கொண்டது. கிளை ஆடி ஓய்ந்தபோது அதில் யாரும் இல்லை.

வெகுநேரம் கழித்து மற்ற மந்திகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "பக்கத்துல வர்ற வரைக்கும் ஏன்டி குரல் கொடுக்கல?" என்று கேட்டன.

"தள்ளினேனே" என்றாள் பூவாத்தாள். "தள்ளித் தள்ளிப் பார்த்தேன். போகலையே."

அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை.

பார்த்ததையே பார்த்திருக்கும் சலிப்பைத் தாங்காத கண்ணுக்கு, பக்கத்தில் வந்து நிற்கும் ஆபத்தும் வெறும் படமாகத்தான் தெரியும்.